பீற்றரின் மச்சப் பத்தியம்

பீற்றரின் மூக்கோரத்து மச்சம் நாற்பத்தேழு வருசமாக அவருக்கு ஒரு தொந்தரவும் தந்ததில்லை. கலியாணப் படத்தில்கூடச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. ஆனால், சனிக்கிழமை கிணறு இறைத்துச் சேறு அள்ள வேண்டும் என்று மனைவி றோசம்மா சொன்னாளே, அன்றைக்கே அது ஒழித்துக்கட்ட வேண்டிய மச்சமாகிவிட்டது.

சனி விடிந்தது. முகத்தில் மஞ்சளாக எதையோ அப்பிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் கிடந்தார் பீற்றர். மூலிகை மருந்தாம். மச்சத்தை வேரோடு எடுத்துவிடுமாம். போனில் ஒரு வைத்தியர் சொன்னாராம். பூசியவர் வெயிலில் நிற்கக் கூடாது, ஈரத்தில் இறங்கக் கூடாது, குனிந்து நிமிரவே கூடாதாம். கிணறு என்ற சொல்லை வைத்தியர் வாயால் சொல்லாதது ஒன்றுதான் குறை.

றோசம்மா சண்டை பிடிக்கவில்லை. அப்போதே மனிதர் உசாராகியிருக்க வேண்டும். மத்தியானம் உப்பில்லாத கஞ்சி வந்தது.

“என்ன இது?”

“பத்தியம். மூலிகை மருந்துக்குப் பத்தியம் இல்லாம எப்பிடி? மீன் கூடா, புளி கூடா, உறைப்புக் கூடா. நண்டு அறவே கூடா.”

மறுநாள் கோயில் திருநாள். பூசை முடிய, பக்கத்து வீட்டு ஜூலியன் விருந்து வைப்பார். வாவி நண்டுக் கறி. பீற்றர் வருசம் முழுக்க உயிரோடிருப்பதே அதற்காகத்தான். உண்மையைச் சொன்னால் கிணறு, சொல்லாவிட்டால் கஞ்சி. கஞ்சியைக் குடித்தார். இரவும் கஞ்சியே வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது நண்டுக் கறி வாசம் மதிலேறி வந்து காத்திருந்தது. பீற்றர் மானத்தை விட்டார்.

“இஞ்ச பாரு றோசம்மா, மருந்துமில்ல மண்ணுமில்ல. அது கடலைமாவும் மஞ்சளுந்தான்.”

“தெரியும். முறுக்குச் சுட வெச்ச மா குறைஞ்சிருந்திச்சு.”

“அப்ப நானும் விருந்துக்கு வாறன்.”

“வாங்களன். ஆனா, தலைமுழுகாமப் பத்தியம் முறிக்கக் கூடாதே. கிணத்துத் தண்ணி கலங்கிக் கிடக்கு. இறைச்சுப்போட்டு, மறுகா புதுத் தண்ணியில முழுகிட்டு வாங்க.”

“ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யிறது பாவமில்லையா?”

“இது வேலையில்ல, வைத்தியம்.”

முழுகாமல் வந்தால், இந்தப் பத்தியம் ஏன் வந்ததென்று ஜூலியன் வீட்டு மேசையில் எல்லாருக்கும் விளக்க வேண்டி வரும் என்றும் மெதுவாகச் சொல்லிவைத்தாள். அந்த மேசையில் உட்காருகிறவர்களைப் பீற்றருக்கு நன்றாகத் தெரியும். அடுத்த திருநாள் வரைக்கும் சிரிப்பார்கள்.

மோட்டர் தண்ணீரை இறைத்துத் தள்ள, பீற்றர் கிணற்றுக்குள் இறங்கி முழங்கால் சேற்றில் நின்று வாளி வாளியாக அள்ளினார். மேலே புதுச் சேலை சரசரத்தது. றோசம்மா கிணற்றுக்கட்டின்மேல் கைவைத்துக் குனிந்து, மிகவும் அக்கறையோடு பார்த்தாள்.

“இஞ்சேருங்க, மச்சத்தில சேறு படாமப் பாத்துக்கங்க. நான் போய்ச் சாப்பிட்டுட்டு வாறன்.”