மூணடி காப்பர் பைப்பு

பாத்ரூம்ல ஒரு பைப்பு மாத்தணும். அவ்ளோதாங்க அன்னிக்கு வேலை. மூணே மூணு அடி.

சோலார்லேருந்து சுடுதண்ணி வர்ற லைன் அது. வீடு கட்டுறப்ப யாரோ சாதா பிவிசி பைப்பைப் போட்டுட்டுப் போயிருக்காங்க. சூடு தாங்காம நடுவுல தொங்கிப்போச்சு. போன தடவை சிங்கப்பூர்லேருந்து வந்த எங்க நாத்தனார், அதாவது எங்க வீட்டுக்காரரோட அக்கா, அதைப் போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாங்க. "கலா வீட்டு பைப்புக்கு இடுப்பு புடிச்சிருக்கு"ன்னு கீழ ஒரு வரி வேற! என் மாமனார்கூட சிரிக்கிற பொம்மை போட்டாரு.

அவங்க வெள்ளிக்கிழமை மறுபடி வர்றாங்க. போன்ல பேசுறப்ப நான் சும்மா இருந்திருக்கலாம். இந்த வாய் இருக்கே!

"அந்தப் பைப்பெல்லாம் தூக்கிப் போட்டாச்சு அண்ணி. இப்ப எல்லாம் காப்பர்!"

சொன்னது திங்கக்கிழமை. வீட்ல அப்ப காப்பர்னு இருந்தது ஒரு குடம்.

புதன்கிழமை ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு பிளம்பர் சவரிமுத்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

"காப்பரா? எதுக்கு டீச்சர்? சுடுதண்ணிக்குன்னே சிபிவிசி இருக்கு. சந்தனக் கலர்ல அழகா இருக்கும். பசையைத் தடவி ஒட்டுனா அரை மணி நேர வேலை."

"இல்லண்ணே, காப்பர்தான். நம்ம காலத்துக்கும் வருமாம், வீடியோல பாத்தேன்."

"வரும். ஆனா நெருப்பு வெச்சு ஒட்டணும். அது ஏசி மெக்கானிக் வேலை, எனக்கு வராது. பக்கத்துலயே பச்சத்தண்ணி பைப்பு வேற போகுது, அது பிளாஸ்டிக்கு. எதுக்கும் டேங்க்கைக் காலி பண்ணிட்டு செய்யுங்க. மாடியில இருக்கிற வால்வு மூடாது."

"அதெல்லாம் நான் மூடிக்கிறேன்ணே."

என்னை ஒரு பார்வை பாத்தாரு. கணக்குத் தெரியாம கை தூக்குற பிள்ளைங்களை கிளாஸ்ல நான் பாக்குற அதே பார்வை.

கும்பகோணத்துலேருந்து ஏசி மெக்கானிக் வந்தாரு. நான் மாடிக்குப் போய் வால்வைத் திருகுனேன். கொஞ்சம் போயி கெட்டியா நின்னுச்சு. மூடிருச்சு! துரு புடிச்சு நின்னிருக்குன்னு யாருக்குத் தெரியும்?

"மூடியாச்சா மேடம்?"

"நல்லாவே மூடியாச்சு சார்!"

டார்ச்சைப் பத்த வெச்சாரு. காப்பர் பைப்பு தகதகன்னு சிவந்துச்சு. எனக்குப் பெருமை தாங்கல. அண்ணிக்கு அனுப்பலாம்னு ஒரு போட்டோ எடுத்தேன். போட்டோல பாத்தப்பதான் பக்கத்துப் பைப்பு வளையறது தெரிஞ்சுது.

"சார்... சார்!"

பட்!

தண்ணி அவர் நெஞ்சுலயே அடிச்சுது. டார்ச் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"மூடியாச்சுன்னீங்களே மேடம்!"

"மூடித்தான் சார் இருக்கு!"ன்னு தொப்பலா நனைஞ்சுக்கிட்டே சாதிக்கிறேன் நான்.

ஆயிரம் லிட்டர் டேங்க்கு. காலையிலதான் ரொப்பி வெச்சேன். என்ன பொறுப்பு பாருங்க!

தண்ணி ஹாலுக்கே வந்துருச்சு. எங்க வீட்டுக்காரர் அப்பத்தான் வயல்லேருந்து வந்து நிக்கிறாரு. அவர் மடை பாத்தே வளந்த மனுஷன். தண்ணி பாய்ஞ்சு வந்தா யோசிக்கவெல்லாம் மாட்டாரு, கை தானா வேலை செய்யும்.

"உடைப்பு எடுத்துருச்சு! மூட்டையப் போடு!"

ஹால் ஓரமா அடுக்கியிருந்த மூட்டைங்களைத் தூக்கி பாத்ரூம் வாசல்ல போட்டாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சந்துல துண்டைத் திணிச்சாரு. விளக்கமாத்தால தண்ணியக் கொல்லைப் பக்கம் திருப்பி விட்டாரு. நானும் ஏசிக்காரரும் கை தட்டாத குறை.

அப்புறம் இடுப்புல கைய வெச்சுக்கிட்டு மூட்டையை உத்துப் பாத்தாரு. முகம் மாறிப்போச்சு.

"ஏய் கலா! இது விதைநெல்லுடி!"

அடுத்த வாரம் விதைக்க வெச்சிருந்த சம்பா. எனக்கு அழுகையே வந்துருச்சு. நான் வுட்ட பீத்தலுக்கு அவர் விதை நனைஞ்சுபோச்சே! டேங்க் காலியானதும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு மூட்டைங்களை மாடிக்குத் தூக்கிட்டுப் போய்க் கொட்டிக் காய வெச்சோம். ஏசிக்காரரும் தூக்குனாரு, பாவம். "இனிமே நான் ஏசியோட நிறுத்திக்கிறேன் மேடம்"னு சொல்லிட்டு ஈரச் சட்டையோட கிளம்பிட்டாரு.

சாயந்திரம் சவரிமுத்து அண்ணன் வந்தாரு. வால்வை மாத்துனாரு. ரெண்டு லைனுக்கும் புது பைப்பை வெட்டுனாரு, பசையைத் தடவுனாரு, ஒட்டுனாரு. சுடுதண்ணி லைன் சந்தனக் கலர்ல அழகாத்தான் இருந்துச்சு.

"இந்தக் காப்பரை என்ன டீச்சர் பண்ண?"

"நீங்களே சொல்லுங்கண்ணே."

ரெண்டு கிளிப்பு அடிச்சு, துண்டு போடுற கம்பியா செவுத்துல மாட்டி விட்டுட்டாரு.

வெள்ளிக்கிழமை காலையில அண்ணி வந்தாங்க. பெட்டியை வெச்ச கையோட நேரா பாத்ரூம்தான்.

"எங்க கலா உன் காப்பரு?"

"துண்டு காயுது பாருங்க அண்ணி, அதுதான்."

அண்ணி சிரிக்கல. ஹாலுக்கு வந்து சோபாவுல உக்காந்தவங்க, மூக்கைச் சுளிச்சு, பின்னாடி எட்டிப் பாத்தாங்க.

"இது என்னடி?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. மாடிக்குப் போனது மூணு மூட்டை. நாலாவதை, தொடைக்க இடைஞ்சலா இருக்குன்னு சோபாவுக்குப் பின்னாடி தள்ளி விட்டது நானேதான். ரெண்டு நாளா ஊறி, புழுங்கி, சாக்கு ஓட்டையெல்லாம் வெள்ளை வெள்ளையா முளை எட்டிப் பாக்குது!

எங்க வீட்டுக்காரர் ஓடி வந்து ஒரு பிடி அள்ளிப் பாத்தாரு. திட்டுவாருன்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

"அட, பக்குவமா வந்திருக்கே! இன்னிக்கே தெளிச்சுடணும்"னு மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு.

அதுக்குள்ள என் போன் டிங்குன்னுச்சு. குடும்ப குரூப்புல மூட்டை போட்டோ.

"கலா வீட்டு பைப்பு சரியாயிருச்சு. இப்ப ஹால்ல நாத்து விட்டிருக்கா."

இந்தத் தடவை மாமனார் சிரிக்கிற பொம்மை போடல. "நடவு எப்பம்மா?"ன்னு கேட்டிருந்தாரு.