கார் எப்படி, ஹாஜியார்?

பெரும் விலை கொடுத்து வாங்கிய பொருளின் குறை மட்டும் வாயில் வராத ஓர் இனம் நம்மிடையே உண்டு. அந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கல்முனைக்கு வந்து, டைல்ஸ் கடை இஸ்ஸதீன் ஹாஜியாரிடம், “கார் எப்படி?” என்று கேட்டால் போதும்.

கேட்டுவிட்டீர்களா? இனி உங்களுக்குப் பின்னேர அஸர் தொழுகை பள்ளிவாசல் ஜமாஅத்தோடு கிடையாது.

இத்தனைக்கும் ஹாஜியார் ஏமாளி அல்லர். தன் கடை டைல்ஸையே விரலை மடக்கித் தட்டி, சத்தத்தைக் கேட்டு, “இது வெடிக்கும், எடுக்காதீங்க” என்று வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்புகிறவர். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் குறையை அது பெட்டியில் இருக்கும்போதே சொன்னவர். அப்படிப்பட்டவரிடம்தான், வயர் சொருகிச் சார்ஜ் ஏற்றி, சார்ஜ் தீர்ந்தால் பெற்றோலிலும் ஓடுகிற அந்தச் சொகுசுக் கார் வந்து சேர்ந்தது. அன்றோடு அவருடைய விரலுக்குத் தட்டவும் மறந்தது, காதுக்குக் கேட்கவும் மறந்தது.

கார்த் திரையில் சிவப்பு முக்கோணம் எரிந்தால், “அது காருக்கு நம்மள்ல உள்ள கவனம்” என்பார். மீன் சந்தைக்கு முன்னால் டிக்கி தானாகத் திறந்துகொண்டபோது, “காத்துப் படட்டும் எண்டு அதுவே திறக்குது. இந்தப் புத்தி வேற எந்தக் காருக்கு இரிக்கி?” என்று கேட்டார். பிறகு ஒருநாள், ஏற்றிய சார்ஜ் முடிந்தும் வயரை விட மாட்டேன் என்று கார் கவ்விப் பிடித்துக்கொண்டது. குர்பானிக்கு வாங்கிய மாடு மாதிரிச் சுவரோடு கட்டுண்டு நின்றது. ஹாஜியார் ஜும்ஆவுக்கு நடந்து போனார்; டொக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம்.

நம் பக்கத்தில் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறவன். ஆகவே சுவர் ஹாஜியாருடையது அல்ல.

“கார் உங்கட. சுவரும் கரண்டும் என்ட,” என்றார் மனைவி ஹாஜறா. “எப்ப அவிழ்க்கிற யோசனை?”

கொழும்பு ஏஜென்டுக்கு அழைத்தால் முதலில் இங்கிலீஷ், மறுகா சிங்களம், அதற்குப் பிறகு நல்ல சங்கீதம். கடைசியில் ஒரு பிள்ளை தேன் குரலில், “பூட்டித் திறந்து பாருங்க சேர்” என்றது. பூட்டினார், திறந்தார், பூட்டினார். கார் போட்ட சத்தத்தில் தெரு வீடுகளில் தூங்கிய குழந்தைகள் எல்லாம் எழும்பியதுதான் மிச்சம். முடிவில் வயரை வெட்டி, காரை லொறியில் தூக்கிப்போனார்கள். “பாத்தீங்களா சேவைய? தாய் பிள்ளையத் தூக்கிற மாதிரித் தூக்கிட்டுப் போறாங்க!” என்று ஊருக்குச் சொன்னார். சேவை எப்படி என்று கொம்பனி கேட்டு வந்த குறுஞ்செய்திக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுத்தார். நான்கு கொடுத்தால் குறைவது யாருக்கு? அவருக்குத்தானே!

அவர் தனி ஆளும் அல்லர். நாடு முழுவதும் உள்ள அந்தக் கார்க்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. குழுவில் எல்லாம் புகழ்ச்சி. தனியாக வரும் குரல்பதிவுகளில் மட்டும், ரகசிய நோய் விசாரிப்பதுபோல, “உங்கடயிலும் வயர் கழராம நிக்குதா?”

இப்படியே காலம் போயிருக்கும். ஹாஜறாவின் தம்பி காலிதீன் ஒரு பின்னேரம் சிரித்த முகத்தோடு வந்தான்.

“மச்சான், சவளக்கடை வயல வாங்க ஆள் கிடைச்சிட்டு. நாளைக்கு உறுதி எழுதிறன். உங்கட கார் மாதிரியே ஒண்டு எடுக்கப் போறன். உங்கட வார்த்தையத்தான் நம்பி இரிக்கன்.”

தேத்தண்ணிக் கோப்பையை ஹாஜறா வைத்த சத்தத்தில் ஹாஜியாருக்கு விஷயம் விளங்கிவிட்டது. குசினிக்குள் போனார்.

“அது அவன்ட பிள்ளையள் சாப்பிடுற வயல்,” என்றார் ஹாஜறா. “நீங்க செல்லுறீங்களா, நான் செல்லட்டா?”

ஹாஜியார் திரும்பி வந்து உட்கார்ந்து, காரைப் பற்றி முதல் தடவையாக உண்மையைச் சொன்னார். முக்கோணத்தைச் சொன்னார், டிக்கியைச் சொன்னார், லொறியைச் சொன்னார். ஒவ்வொன்றும் பல்லைப் பிடுங்குவது போல வந்தது. கேட்கக் கேட்கக் காலிதீனின் முகத்தில் சிரிப்பு இறுகியது.

“அப்ப இவ்வளவு நாளும் செல்லல்லியே?”

“வெக்கமா இருந்திச்சு, காலிதீன்.”

“வெக்கமில்ல மச்சான், எரிச்சல். கல்முனையில இந்தக் கார நீங்க மட்டும் ஓடணும் எண்டு.”

“அல்லாட காவல்! வா, காட்டுறன்.”

கொம்பனியிலிருந்து திரும்பி வந்திருந்த காரில் இருவரும் ஏறினார்கள். கார் முனகாமல் உயிர்பெற்றது. திரை துடைத்த கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. இறங்கிப் புது வயரைச் சொருகி இழுத்தார். வெண்ணெயில் வைத்த கத்தியாக வழுக்கி வந்தது. டிக்கியை அடித்துப் பார்த்தார், அசையவில்லை. “யா அல்லாஹ், ஒரேயொரு பிழையக் காட்டு!” என்று உள்ளுக்குள் மன்றாடியபடி, ஹாஜியார் கடற்கரை வீதியில் காரைத் தூக்கித் தூக்கிப் போட்டு ஓட்டினார். அது மிதந்தது.

“இதுக்கா குறை செல்லுறீங்க?” என்றான் காலிதீன். வீட்டு வாசலில் இறங்கியவன் அக்காவைப் பார்த்து, “ராத்தா, நீங்களும் சேந்துதான் திட்டம் போட்டிரிக்கீங்க போல” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியைக் குடிக்காமலே போனான்.

மறுநாள் உறுதி எழுதினான். காரும் வந்தது. உடைந்த டைல்ஸை எந்த வார்த்தையாலும் ஒட்ட முடியாது என்பது ஹாஜியாருக்குத் தொழில் ரீதியாகத் தெரிந்த விஷயம். ஆனாலும் பெருநாள் அன்று கேட்டுப் பார்த்தார். மனைவி பிள்ளைகளோடு காலிதீன் ஓட்டோவில் வந்து இறங்கியிருந்தான்.

“கார் எப்படி, காலிதீன்?”

“மாஷா அல்லாஹ் மச்சான். ஒரு குறை செல்ல ஏலா. சேர்விஸும் திறம்.”

ஹாஜியாருக்கு எல்லாம் தெரியும். அவனுக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்று. ஹாஜியார் “ஓம், ஓம்” என்றார். பிள்ளைகளின் தட்டில் இன்னும் இரண்டு துண்டு இறைச்சியை வைத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் கார் இல்லை, அந்தத் துணிச்சல். நீங்களே அலைந்து தெரிவு செய்து பிள்ளையைச் சேர்த்த பள்ளிக்கூடம் இருக்கும்; ஊரெல்லாம் விசாரித்து எடுத்த மருமகன் இருப்பார். எப்படி என்று யாராவது கேட்டால், “அல்ஹம்துலில்லாஹ்” என்று தொடங்குமுன், பக்கத்தில் நிற்கும் வீட்டாரின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.