நடக்கச் சொல்பவர்

மனிதர்களில் நடப்பவர்கள் உண்டு, நடக்காதவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அதன் பெயர், நடக்கச் சொல்பவர்.

இவரைத் தேடிக்கொண்டு நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. ஒரு தும்மல் போட்டால் போதும், அவரே வந்து நிற்பார். ஏன் தும்மினீர்கள், எந்தப் பழக்கத்தால் தும்மினீர்கள், காலையில் எழுந்து காலார நடந்திருந்தால் அந்தத் தும்மல் எப்படி வராமலே போயிருக்கும், மூக்குக்கும் முழங்காலுக்கும் உள்ள தொடர்பு என்ன, அதை இந்தக் கால மருத்துவர்கள் ஏன் மறைக்கிறார்கள் என்பதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். அதற்குள் உங்களுக்கு அடுத்த தும்மல் வந்துவிடும். அது அவர் சொன்னதற்கு நிரூபணம்.

அடையாளம் வேண்டுமா? காலைப் பாருங்கள். நடப்பவருடைய காலணி அடியில் தேய்ந்திருக்கும். இவருடையது வெயிலில் நின்று பேசியதால் மேலே வெளுத்திருக்கும். அடிப்பாகம் கடையிலிருந்து வந்த அன்று இருந்தபடியே இருக்கும்.

நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழ்வீட்டில் இருப்பவர் இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி. தெருவில் அவருக்கு நேர்முதுகு என்று பெயர். எதிரே யார் வந்தாலும் வணக்கத்துக்குப் பதிலாக, "முதுகு நேரா!" என்பார். அவருடைய சொந்த முதுகு எப்படி என்கிறீர்களா? கொஞ்சம் வளைவுதான். பிறர் முதுகை உற்றுப் பார்க்கக் குனிந்து குனிந்து வந்த வளைவு.

குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறார். அந்தக் கட்டடத்தில் மாடிப்படி ஏறுவதன் நன்மைகளைப் பற்றி அவரைப்போல் பேச ஆளில்லை. லிஃப்ட்டில்தான் பேசுவார். அங்கேதான் கதவு மூடியிருக்கும், கேட்பவர் தப்ப முடியாது. நோயாளியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனால் கட்டிலில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, "படுத்தே இருந்தா எப்படிங்க?" என்பார். காலில் மாவுக்கட்டுப் போட்டவரிடமும் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு சாவு வீட்டில், "எத்தனை தடவை சொல்லியிருப்பேன் இவர்கிட்ட, வீட்டை விட்டு வெளியே கிளம்புங்கன்னு! இன்னிக்குத்தான் கிளம்பறார்" என்று பெருமூச்சு விட்டதாகவும் சொல்கிறார்கள். இதை நான் நேரில் கேட்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

இவ்வளவும் ஊருக்கு. வீட்டுக்கு?

அவருடைய ஒரே மகன் வேலை கிடைத்து வெளிநாடு போனான். போகும்போது அம்மாவின் தூக்கத்தையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போய்விட்டான் போலிருக்கிறது. அந்த அம்மாள் ராத்திரியெல்லாம் விழித்திருந்தார்; பகலில் பருப்பு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்குத் திறந்தோம் என்று நின்றார்; சாப்பாடு இறங்கவில்லை; யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. கடைசியில் தானே ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தார். அங்கே நடந்ததை என் மனைவியிடம் சொன்னார். என் மனைவி கூட்டிச் சொல்பவள் அல்ல.

"வீட்டுல பேச்சுத்துணைக்கு யாராவது இருக்காங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டாராம்.

"பேச்சு இருக்கு டாக்டர். துணைதான் இல்ல."

டாக்டர் சிரித்துவிட்டு, "தினமும் காலைல நடங்க. கொஞ்சம் வெயில் படட்டும், நாலு மனுஷங்க முகத்தைப் பாருங்க, வாய் விட்டுப் பேசுங்க. உடம்பு அசைஞ்சா மனசும் அசைஞ்சு கொடுக்கும். ஒரு மாசம் பாப்போம். அப்பவும் தூக்கம் வரலைன்னா மாத்திரைதான்" என்றாராம்.

மாத்திரை என்றதும் அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவருடைய அக்கா அப்படி ஒரு மாத்திரையைத் தொட்டு, நடுப்பகலிலும் சாய்ந்த தலை நிமிராமல் நாற்காலியில் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர். நடந்து சரியாக்கிக்கொள்வது, இல்லாவிட்டால் அக்காவின் நாற்காலி. மறுநாள் விடிந்ததும் காலணியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

நேர்முதுகு உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"நடக்கத்தாங்க."

"சும்மா அப்படியேவா?"

வாசகரே, இந்தச் சொற்களைக் கவனியுங்கள். இந்த இனத்தின் வேதமே இதுதான். சும்மா அப்படியே நடக்கலாமா? சும்மா அப்படியே மூச்சு விடலாமா? பிறந்தது முதல் சும்மா அப்படியே விட்டதனால்தானே இந்தக் கதி?

முதல் வாரம் முழுவதும் பாடம். நிற்பது எப்படி, கையை வீசுவது எப்படி, குதிகால் முதலில் பட வேண்டுமா விரல் முதலில் பட வேண்டுமா, காற்றுக்கு எதிரே நடப்பதா காற்றோடு போவதா. கூடத்துச் சுவரில் தெருவின் படத்தை வரைந்து ஒட்டி, எந்தத் திருப்பத்தில் எந்த மூச்சு என்று அம்புக்குறி போட்டார்.

"இத்தனை வருஷமா நான் எப்படிங்க நடந்தேன்?"

"தப்பா நடந்திருக்க."

இரண்டாவது வாரம் பாடம் முடிந்தது. அப்பாடா என்று அம்மாள் வாசல்படியில் கால் வைத்தபோது, நேர்முதுகு விரலில் மாட்டினால் நாடித்துடிப்பைக் காட்டும் சின்னக் கருவி ஒன்றோடு வந்து வழியை மறித்தார். துடிப்பு நிதானமாக இருந்தால்தான் நடக்க அனுமதி. மாட்டினார். பார்த்தார். முகம் மாறியது.

"பாத்தியா? எகிறுது! இந்த நிலைமைல வெளியே போகலாமா? உட்காரு."

உட்கார வைத்தார். துடிப்பு ஏன் ஏறுகிறது, ஏறினால் என்னென்ன ஆகும், அப்படி ஆனவர்கள் யார் யார், அவர்களிடம் தான் முன்கூட்டியே என்ன சொல்லியிருந்தார் என்று விளக்கினார். மறுபடி மாட்டினார். முன்னைவிட ஏறியிருந்தது.

"இன்னிக்கு ரத்து."

மறுநாளும் இதே. அதற்கு மறுநாளும் இதே. ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் அந்த அம்மாள் கருவியைத் தானே விரலில் மாட்டிப் பார்த்தார். துடிப்பு பசுவைப்போல் சாதுவாக இருந்தது. குளியலறைத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. எண் ஏறத் தொடங்கியது. இதைவிடச் சுத்தமான பரிசோதனையை எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் செய்ய முடியாது. ஆனால் நேர்முதுகு எட்டிப் பார்த்து என்ன முடிவுக்கு வந்தார் தெரியுமா? "ஈரக்காத்து உனக்கு ஒத்துக்கல."

மாதத்தில் பாதி போய்விட்டது. தூக்கம் வரவில்லை. நடக்க வேண்டியவர் நடக்கவில்லை. மனைவியைப் பற்றிக் கவலைப்பட்டே நேர்முதுகு இளைத்துப்போனார் என்று சொல்ல ஆசைதான், அவர் இளைக்கவில்லை.

இங்கேதான் எதிர்வீடு வருகிறது. அங்கே ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர் ஒருவர். அவருக்கு மெல்லுவார் என்று பெயர். உணவை மெல்லுவதில்தான் மனிதனின் உடல்நலம், மனநலம், குடும்பநலம் மூன்றும் அடங்கியிருக்கின்றன என்பது அவர் கட்சி. நோட்டு எண்ணிய பழக்கத்தில், மனைவி மெல்லுவதை எதிரே உட்கார்ந்து எண்ணுவார். நடுவில் அந்த அம்மாள் ஏதாவது பேசிவிட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

இரண்டு வீட்டுப் பெண்களும் எதிர்வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடி என் ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. நான் ஒட்டுக்கேட்பவன் அல்ல. ஜன்னல் திறந்திருந்தது.

"என்னடி, ஆளே கரைஞ்சு போயிட்ட?" என்றார் எதிர்வீட்டு அம்மாள்.

"நடக்க விட மாட்டேங்கறார்க்கா. உங்க வீட்டுல எப்படி?"

"நேத்துலேருந்து தண்ணியையும் மெல்லணுமாம்."

"தண்ணியையா?"

"எச்சில் கலக்கணுமாம்டி. ஒரு டம்ளர் குடிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த தாகம் வந்துடுது!"

மகன் போன பிறகு அந்த அம்மாள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். ஈரத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எதிர்வீட்டு அம்மாளும் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"ஏன்டி, என் வீட்டுக்காரரைக் கொண்டுபோய் உன் வீட்டுக்காரர்கிட்ட விட்டா என்ன?"

மறுநாள் காலை. கருவியோடு வாசலில் நின்றார் நேர்முதுகு. மனைவி விரலை நீட்டவில்லை. "ஏங்க, நடக்கறதெல்லாம் வெட்டி வேலை, மென்னு தின்னாலே போதும்னு எதிர்வீட்டு அண்ணன் சொல்றாராமே?" என்றார் அப்பாவியாக.

"யாரு? அந்தாளா?"

எதிர்வாசலில் அதே நேரத்தில் எதிர்வீட்டு அம்மாளும் தன் வீட்டுக்காரரிடம் இதேபோல் ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். இரண்டு நிபுணர்களும் நடுத்தெருவில் சந்தித்தார்கள்.

"சார், நடக்காம மென்னு என்ன சார் பிரயோஜனம்?"

"மெல்லாம நடந்து எங்க சார் போய்ச் சேரப் போறீங்க?"

இரண்டு பெண்களும் இருவரையும் சுற்றிக்கொண்டு நடக்கப் போனார்கள். தெருக்கோடி, அதற்கு அப்பால் தபால் நிலையம், அதற்கும் அப்பால் ஏரிக்கரை. திரும்பி வந்தபோது முகம் வியர்த்துச் சிவந்திருந்தது. நடுத்தெருவில் பேச்சு பாதிகூட முடியவில்லை. பள்ளிக்கூட வேன் ஒதுங்கிப் போயிருந்தது. குப்பை வண்டிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, பின்னாலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருந்தார்.

நபர் ஒருவராக இருந்தால் இந்த இனம் ஆபத்தானது. இருவராகிவிட்டால் ஊருக்கே நிம்மதி. நேர்முதுகுக்கும் மெல்லுவாருக்கும் நின்று நின்று கால் வலித்ததால், ஓரிரு நாளில் மடக்கு நாற்காலிகள் வந்தன. செய்தி பரவியது. தெருவில் பல வீடுகளில் இப்படி ஒருவர் இருந்திருக்கிறார்! அந்தந்த வீட்டம்மாக்கள் விடிந்ததும் கையோடு கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு நடக்கக் கிளம்பினார்கள். தூக்கத்தின் மேன்மையைப் பேசும் ஒருவர் வந்தார்; பேச்சின் நடுவிலேயே தூங்கினார். "டென்ஷனே கூடாது சார்!" என்று நாற்காலிக் கையைக் குத்தும் ஒருவர் வந்தார், கை உடைந்தது, நாற்காலிக்கு. மாதக் கடைசியில் எல்லோருமாகக் கூடி, இந்தத் தெருவாசிகள் உட்கார்ந்தே இருப்பது மிகவும் கவலைக்குரியது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். எழுந்து நின்று ஆதரிக்கச் சொன்னபோது யாரும் எழவில்லை. உட்கார்ந்தபடியே கை தூக்கினார்கள்.

டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. நேர்முதுகும் கூடவே போனார்.

"தூக்கம் எப்படிம்மா?"

"படுத்ததுதான் தெரியும் டாக்டர். காலைல எதிர்வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டறாங்க. சாப்பாடும் இறங்குது. பையன் போன் பண்ணா இப்பல்லாம் அழறதில்ல."

"அப்போ மாத்திரை வேண்டாம்" என்றார் டாக்டர்.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேர்முதுகு தொண்டையைச் செருமினார். "எல்லாம் நம்ம மேற்பார்வைதான் டாக்டர்."

டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ரத்த அழுத்தக் கருவியை எடுத்து அவர் கையில் சுற்றினார். எப்படிச் சுற்ற வேண்டும் என்று நேர்முதுகு விளக்கத் தொடங்கினார்.

"கொஞ்சம் பேசாம இருங்க."

டாக்டர் இரண்டு தடவை பார்த்தார்.

"உங்களுக்குத்தாங்க ஜாஸ்தியா இருக்கு. நீங்க நடக்கறதில்லையா?"

"நானா? நடக்கறதைப் பத்தி நான்..."

"பத்தி இல்லைங்க. நடக்கணும். நாளைக்கே ஆரம்பிங்க. பேசாம நடங்க."

மறுநாள் பெண்கள் கூட்டத்தின் கடைசியில், உதட்டை இறுக்கிக்கொண்டு நேர்முதுகு நடந்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன். தெருக்கோடி வரை போய்விட்டார். எனக்கே மெய்சிலிர்த்தது. அங்கே பேருந்து நிறுத்தத்தில், ராத்திரி வேலை முடித்துவிட்டுக் களைத்துப்போன ஒருவர், பாவம், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நேர்முதுகின் கால் தானாக நின்றது.

அவர் மனைவி திரும்பிப் பார்த்து, "ஏங்க, வரீங்களா?" என்றார்.

"நீங்க போய்ட்டே இருங்க. இவருக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு வந்துடறேன்."

அந்த அம்மாள் ஒரு நிமிடம் நின்றார். பிறகு நடந்தார். அன்று ராத்திரியும் நன்றாகத் தூங்கினார்.

வாசகரே, இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். அண்ணனோ, மாமாவோ, அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரரோ. 'அட, இதை அவருக்கு அனுப்பணுமே, படிச்சா அவருக்கு நல்லது' என்று தோன்றியிருக்கும். சிலர் இந்நேரம் அனுப்பியும் இருப்பீர்கள்.

உட்கார்ந்தபடியேதானே அனுப்பினீர்கள்?