மணமில்லாத ஷாம்பு

"…பூ மணமும் வேண்டாம், எலுமிச்ச மணமும் வேண்டாம் மக்கா. நாயி பிளேன்ல போவுது, கல்யாணத்துக்குப் போவல்ல!"

இப்படிச் சொல்லிக்கொண்டே என் கடையிலிருந்த பதினோராவது ஷாம்பு பாட்டிலையும் மூடி வைத்தவர் பெட்டிகெட்டி அண்ணாச்சி. நெய்யூர்ப் பக்கம் மாட்டுத் தீவனம், கோழி மருந்து, நாய் சோப்பு விற்கிற கடை என்னுடையது. உலகத்தில் மூக்கை ஏமாற்றத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று எந்தக் கோயில் நடையிலும் நின்று சத்தியம் செய்வேன்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களின் அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொடுப்பது அவர் தொழில். கருவாட்டை ஏழு கவரில் சுற்றி, இடையிடையே காப்பிப்பொடி தூவி அவர் முடிச்சுப் போட்டால், சுங்க அதிகாரி அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்தே சோறு தின்னலாம், ஒன்றும் தெரியாது. இனயம் ஊர்க்காரர் ஒருவர் குவைத்தில் இறங்கி அந்தக் கட்டைப் பிரிக்க முடியாமல் மூன்றாம் நாள் தச்சரைக் கூட்டிவந்தாராம். அண்ணாச்சியிடம் கேட்டால், "அவனுக்குப் பொறுமையில்ல, கேட்டியா" என்பார்.

அப்படிப்பட்டவர் இப்போது அனுப்பப் போவது தன் வீட்டுப் பஞ்சுவை. வெள்ளைப் பொமரேனியன். மனைவி போன பிறகு அவருக்குப் பேச்சுத்துணை அது ஒன்றுதான். அண்ணாச்சிக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் பஞ்சு வாசல் கேட்டடியிலேயே கிடக்கும், தண்ணீர்கூடக் குடிக்காது. ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிற மகள், "நீங்கதான் வரமாட்டேங்கிறிய. அதையாவது அனுப்புங்கப்பா" என்று போனில் அழுதிருக்கிறாள்.

"அனுப்பித்தான் ஆவணும் மக்கா. நான் இல்லாம போனா அத ஆரு குளிப்பாட்டுவா?"

பவுடர் டப்பாவை எடுத்து நீட்டினேன்.

"வெள்ளப் பொடியா? ஏர்போர்ட்டில பிடிச்சா நாயை உள்ள போடுவானா, என்னையா?"

ஸ்பிரேயை நீட்டினேன். "கேஸ் அடச்சது. மேல போனா வெடிக்கும்." லாவெண்டர் ஷாம்புவை மோந்து பார்த்துவிட்டு, "கல்யாண மண்டபத்துக்க கக்கூஸ்" என்றார். நாயைத் துடைக்கிற ஈரத்தாளைத் தன் புறங்கையில் தேய்த்து, அரிக்கிறதா என்று கால்மணி நேரம் காத்திருந்தார்.

கோழித்தீவனம் வாங்க வந்தவர் பொறுமையிழந்து, "ஒமக்கு அரிக்கல்லண்ணா நாய்க்கும் அரிக்காதா வே?" என்றார்.

"அது வாய் தொறந்து சொல்லாது லே. நான்தான் சொல்லணும்."

கடைசியில், மணமே இல்லாத ஷாம்பு ஒன்று அட்டத்துப் பரணிலிருந்து கிடைத்தது. அடைத்த கூட்டுக்குள் மணம் ஏறினால் பஞ்சு வாந்தியெடுக்கும் என்பது அவர் கணக்கு. பல் மழுங்கிய ஒரு சீப்பும் எடுத்துக்கொண்டார். "பஞ்சுவையும் ஏழு கவரில சுத்திராதீங்க அண்ணாச்சி" என்றேன். கடையே சிரித்தது. அவரும் சிரிக்கத்தான் செய்தார்.

போகிற அன்று திருவனந்தபுரத்துக்கு என் வண்டியில்தான் போனோம். அவர் பின்சீட்டில் கூட்டைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று முறை குளித்த பஞ்சு பொரித்த பப்படம்போலப் பொலிந்தது. மெத்தை புதிது. விரிப்பும் அப்போது பிரித்தது. ஊரின் ஒரு பொட்டு வாசனைகூட ஒட்டாமல் தொழில் சுத்தமாகச் செய்திருந்தார்.

ஏர்போர்ட்டில், நாய்களை அனுப்புகிற கம்பெனிப் பெண் கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

"அங்கிள், இதில் உங்க மணம் ஒண்ணும் இல்லியே? இத்தற தூரம் தனியாப் போவுது. நீங்க உடுத்த துணி ஒண்ணு உள்ள வேணும். இல்லேன்னா இது பயந்து போவும்."

"பீரோவில தேச்சு வச்சது இருக்கு பிள்ளே. எடுத்திட்டு வரல்லியே."

"அது வேண்டாம். துவைக்காதது. வேர்த்தது."

முப்பது வருஷம் மற்றவர் வீட்டு வாசனையையெல்லாம் மூடிக் கட்டியவர், புரியாதவர்போல அந்தப் பெண்ணையே பார்த்தார். உள்ளே பஞ்சு நடுங்கத் தொடங்கியிருந்தது.

ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கையை ஒருவரும் பார்த்துவிடக் கூடாதென்று, எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிற மனிதர். அத்தனை பேர் நடுவில் நின்று பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வேர்வை காயாத அந்தச் சட்டையைக் கூட்டுக்குள் விரித்து, கழுத்துப்பட்டை பஞ்சுவின் மூக்குப் பக்கம் வருமாறு மடக்கி வைத்தார்.