பாக்கு உரிக்கும் கை

பாக்கு பறந்து வந்து முதலாளி அழகிரிசாமியின் மூக்குக்கண்ணாடியில் பட்டபோதுதான் ஏதோ தப்பு என்று கதிரேசனுக்கு உறைத்தது.

நேற்று வரை ஒழுங்காக உரித்த மிஷின். அதன் இரும்புக் கை பாக்கை மெதுவாக அழுத்தித் தோலை உரித்துவிட்டு, சட்டென்று பின்னால் போக வேண்டும். மூன்று மாதம் கம்ப்யூட்டரில் அசைத்து அசைத்துப் பார்த்து அவன் வடிவமைத்தது. இன்று காலை கரண்ட் கம்பத்து ஒயர் அறுந்து, லைன்மேன் வந்து மாற்றிவிட்டுப் போன கையோடு மேட்டுப்பாளையம் பாக்கு வியாபாரி பங்காரம்மா வந்துவிட்டார். அவர் பத்து மிஷின் எடுக்காவிட்டால் கம்ப்யூட்டரை விற்றுவிடுவதாகவும், கதிரேசன் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றும் முதலாளி சொல்லியிருந்தார்.

கை மாட்டும் துளையை ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப் போடும்படி ஃபிட்டரிடம் சொன்னான். பாக்கு பறப்பது நின்றது, பொடியாகி வந்தது. பங்காரம்மா சேலையில் விழுந்த தூளை மரியாதையாகத் தட்டிவிட்டுக்கொண்டார்.

ஸ்பிரிங்கை இறுக்கினான். இப்போது மிஷினே ஆடி ஆடி அவரை நோக்கி நகர்ந்தது. அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஃபிட்டர் மைதீன் பிச்சை ஏதோ சொல்ல வாயெடுத்தார். முப்பது வருட அனுபவஸ்தர்.

"ஏனுங்க பாய், முதல் துளையே நீங்க தப்பாப் போட்டதுதானுங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்று கதிரேசன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்.

மைதீன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். துளை சரியாக இருந்ததைக் கதிரேசனே நேற்று அளந்து பார்த்திருந்தான். சொன்ன மறுகணமே அவமானம் காதுவரை ஏறியது. அந்த மனிதரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

மோட்டாரை நிறுத்தினான். வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது.

"பாய் மேல தப்பே இல்லீங்க. நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன். என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியலீங்க."

பங்காரம்மா மைதீனைப் பார்த்தார். மைதீன் தலையசைக்க, பங்காரம்மாவே சொன்னார்.

"மோட்டார் தலைகீழாச் சுத்துதுங்க கண்ணு. லைன்மேன் ஒயர மாறிக் குடுத்துட்டுப் போனா எங்க கெணத்து மோட்டாரும் இப்படித்தான். ரெண்டு ஒயர மாத்திப் போட்டாச் சரியாயிரும். நானும் பாயும் அப்பவே பாத்துப்போட்டோம், படிச்சவங்க வேலை செய்யறப்பக் குறுக்க பேசக் கூடாதுன்னு சும்மா இருந்தமுங்க."