யாரும் வாசிக்காத வயலின்

மனிதன் சக்கரத்தை இரண்டு முறை கண்டுபிடித்தான். முதல் முறை, வண்டியை ஓட்ட. இரண்டாம் முறை, வயலின்காரர்களை வீட்டுக்கு ஓட்ட. அந்த இரண்டாம் சக்கரத்தின் சக்கரவர்த்தி எங்கள் இசை இயக்குநர் பியோ தெக்-சூ. சியோலில், மாப்போ ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அவருடைய ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளனாக இருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது.

எங்கள் கணினிக்குள் ஒரு முழு வாத்தியக் குழு இருக்கிறது. என்றோ யாரோ வாசித்த ஒவ்வொரு ஸ்வரமும் மெதுவாக, பலமாக, இழுத்து, வெட்டி, நரம்பைச் சுண்டி என்று தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறது. கீபோர்டின் ஓரத்துச் சக்கரத்தை மேலே தள்ளினால் வயலின்கள் முழங்கும்; கீழே இழுத்தால் முணுமுணுக்கும். இடது கோடியில் இருப்பவை 'பாணிக் கட்டைகள்'. ஒன்றை அமுக்கினால் வில் இழுக்கும், இன்னொன்றை அமுக்கினால் விரல் சுண்டும். இந்த வயலின்கள் சம்பளம் கேட்பதில்லை, மதியம் சூடாகச் சூப் கேட்பதில்லை. இதற்கு இயக்குநர் வைத்திருக்கும் பெயர் 'இசையின் விடுதலை'.

ஒரு தொலைக்காட்சித் தொடரின் கடைசி வாரம். அம்மா சாகும் காட்சிக்கு இசை போட்டு அனுப்பியிருந்தோம். தயாரிப்பாளர் சூ யங்-மி நேரிலேயே வந்துவிட்டார்.

“அம்மா சாகுறாங்க சார். உங்க வயலினக் கேட்டா, லிஃப்ட்ல ஓடுற பாட்டு மாதிரி இருக்கு.”

உடனே 'உணர்ச்சி மேம்பாட்டுக் கூட்டம்' கூடியது. இயக்குநர் சக்கரத்தை உச்சிக்குத் தள்ளச் சொன்னார். அம்மாவை யாரோ கொலை செய்வது போலிருந்தது. பாதிக்கு இறக்கினோம், அம்மா தேறிவருவது போலிருந்தது. பாணியை மாற்றிப் பார்க்கலாம் என்று இயக்குநரே ஒரு கட்டையை அமுக்கினார். அது சுண்டுகிற கட்டை. பூனை மாடிப்படி இறங்குவது போல, 'டொய்ங் டொய்ங்' என்று அம்மாவின் உயிர் பிரிந்தது. சூ மேடம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஒரு மனிதரைக் கூப்பிட்டு வாசிக்க வையுங்கள், இல்லாவிட்டால் வேறு இசையமைப்பாளரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

ஓக் ஹே-சுன் அக்கா வந்தார். விடுதலைக்கு முன் எங்கள் கூடத்தின் முதல் வயலின்காரர் அவர்தான். விடுதலைக்குப் பின் ஒரு கடையில் கடற்பாசித் தாளில் சோற்றை வைத்துக் கிம்பாப் சுருட்டுகிறார். மழையில் நனைந்து வந்தவர், சத்தம் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று இயக்குநர் திரையில் காட்டிய வளைகோடுகளைக் கண்டுகொள்ளவில்லை. காட்சியைப் போட்டுக் காட்டச் சொன்னார்.

“இவங்க எந்த இடத்துல கண்ண மூடுறாங்க, தம்பி?” என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. எங்களில் யாருமே அம்மாவைப் பார்த்திருக்கவில்லை, கோடுகளைத்தான் பார்த்திருந்தோம்.

ஒரே முறை வாசித்தார். அம்மா கண் மூடுவதற்குச் சற்று முன் வில் ஒரு கணம் தயங்கி, மறுபடி நகர்ந்தது. சூ மேடம் கைக்குட்டையைத் தேடினார். இயக்குநர் மட்டும் முகம் சுளித்தார். சத்தம் ஏறி இறங்கும் கோடு ஒழுங்காக இல்லை என்றார். இதே மாதிரி இன்னொரு முறை வாசிக்க முடியுமா என்று கேட்டார்.

“வாசிக்கலாம் சார். ஆனா இதே மாதிரி வராது.”

“அப்படின்னா அது கோளாறு,” என்றார் இயக்குநர்.

பதிவை வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டார். பிறகு கதவைச் சாத்தி, ஓக் அக்காவின் வாசிப்பை ஓடவிட்டு, அதன் ஏற்ற இறக்கத்தை ஒற்றை விரலால் சக்கரத்தில் அப்படியே தடம் பிடித்தார். அங்கே வில் திரும்பிய இடத்தில் இங்கே கட்டை மாறியது. கடைசியில் கணினி அழுதது. இயக்குநர் அக்காவின் பதிவை அழித்தார். தொடரின் பெயர் வரிசையிலும் அக்கா இல்லை. மென்பொருள் வாசித்ததற்கு மனிதப் பெயர் போடுவது பார்வையாளர்களை ஏமாற்றுவதாகும் என்று இயக்குநர் எனக்கு விளக்கினார். அவர் அவ்வளவு நேர்மையானவர்.

விருது விழாவில், இந்த வயலினை எந்த மனிதரும் வாசிக்கவில்லை என்பதே தன் பெருமை என்று அறிவித்தார். குறிப்பாக, அம்மா கண் மூடுவதற்கு முன் வரும் அந்தச் சின்னத் தயக்கம் தன் பல்லாண்டு ஆராய்ச்சியின் பலன் என்றார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் ஓக் அக்கா எனக்கு போன் செய்தார்.

“டிவில பாத்தேன் தம்பி. அந்தத் தயக்கம் ஆராய்ச்சியாமே?”

“அப்படித்தான் சொன்னாரு, அக்கா.”

“எனக்கு அன்னைக்கு இருமல்ப்பா. வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.”

இயக்குநரின் கூர்மையான காதை நான் மேலும் வியந்தேன். கிம்பாப் சுருட்டிப் பிழைக்கிற ஒரு பெண்ணின் இருமலைக்கூட விட்டுவைக்காத அந்தக் கையில்தான் கொடுத்திருக்கிறார்கள், இந்த ஆண்டின் 'அசல் இசை' விருதை.