வாளி ஐயா நனைத்த கதவு

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்தேன். சவரம், குளியல், பாணும் பருப்பும். அலுவலகத்தில் கையெழுத்து வைத்து, மேசையைத் துடைத்து, பேனாக்களை வரிசைப்படுத்தினேன். ஒன்பது மணிக்கு வாளி ஐயா வந்தார். அதோடு அந்த நாளின் ஒழுங்கு முடிந்தது.

பதுளையில் இவரளவுக்குச் சுவர்களைக் குளிப்பாட்டியவர் எவருமில்லை. மழைகூட இவருக்கு அடுத்தபடிதான்.

எங்கள் நகரில் ஒரு பழைய கடைத்தெரு இருக்கிறது. அங்கே முகப்பில் சாயம் மாற்றவோ கதவு மாற்றவோ வேண்டுமென்றால் ஒரு குழுவின் அனுமதி வேண்டும். குழுவின் தலைவர் வரவே மாட்டார். உறுப்பினர், ஓய்வுபெற்ற படவரைஞரான வாளி ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வராமல் இருக்கவே மாட்டார். செயலாளர் நான்.

"காய்ஞ்ச சுவர் பொய் சொல்லும் தம்பி. நனைச்சுப் பாத்தால்தான் நிறம் தெரியும்" என்பார். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இன்னும் தம்பிதான். ஆகவே வாளியைத் தூக்குவதும் நான்தான். ஒருமுறை தையற்காரர் இளமஞ்சள் அடிக்க அனுமதி கேட்டார். ஐயா வீசிய தண்ணீரில் பாதி சுவரிலும் பாதி ஒரு கல்யாண ரவிக்கையிலும் விழுந்தது. மருந்துக்கடைக்காரர் சாய மாதிரி அட்டை காட்டினார். ஐயா அதையும் நனைத்தார். அட்டை கூழானது. "பாத்தீரோ, நிக்காத சாயம்" என்று விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்.

அன்று பாக்கியத்தின் தேநீர்க் கடையைப் பார்க்க வேண்டியிருந்தது. பாக்கியம் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வந்து, கடையிலேயே படுத்து, தனியாக நடத்துபவள். கடைக்குக் கதவு என்பது, மேலும் கீழும் வெட்டிய காடிப் பள்ளத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளி நிறுத்தும் பலகைகள். மழை பெய்தால் அவை ஊதி இறுகிவிடும். பின்வாசல் கிடையாது, பின்னால் மலை. காலை முதல் பஸ்ஸில் மடுல்சீமைக்குப் போகும் ஆசிரியர்கள்தான் அவளுடைய வியாபாரமே. மழைநாளில் அவர்கள் வெளியே நிற்பார்கள், அவள் உள்ளே நிற்பாள், பஸ் போய்விடும். இனியும் இப்படியென்றால் வேறு கடை பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இரும்பு ஷட்டர் போட அனுமதி கேட்டிருந்தாள். முன்பு ஒரு தச்சனை அழைத்து வந்தபோது, பலகையில் ஒரு மயிரளவும் சீவக்கூடாது என்று துரத்தியவர் வாளி ஐயாதான்.

மாலை போனோம். பலகைகளையெல்லாம் பூட்டச் சொல்லி வாளி வாளியாக வீசினார். "தேக்கு தம்பி. இதைக் கழட்டிப்போட்டு இரும்போ?" என்றார். போதாததற்கு மழையும் பிடித்தது. உள்ளே ஒதுங்கினோம். இடுக்கில் வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க, உள்ளிருந்தும் பூட்டச் சொன்னார். பார்த்தார். தேநீர் குடித்தார். அந்தக் காலத்துக் காடி வெட்டும் முறையைப் பற்றி விரிவாகப் பேசினார். பிறகு எழுந்தார். கதவு எழவில்லை.

"தம்பி, இழும்."

"இழுத்துக்கிட்டுத்தாங்க ஐயா இருக்கேன்."

"சும்மா விடுங்க சார், நகம்தான் போகும்" என்றாள் பாக்கியம். "ரொட்டி போடவா?"

"இப்பிடி இறுகினால் நீ என்ன செய்யிறனி பிள்ளை?" என்று கேட்டார் ஐயா.

"உக்காந்திருப்பேங்க. பஸ்ஸு போற சத்தம் கேக்கும்."

அவர் பலகையின் விளிம்பை விரலால் தடவினார். வெளியே யாரோ பலகையைத் தட்டினார்கள். "அக்கா, டீ இல்லையா?"

"உள்ளுக்கு ஆர் எண்டு சொல்லாதை" என்று ஐயா கிசுகிசுத்தார்.

"டீ இருக்கு, வழிதான் இல்ல" என்று பாக்கியம் கத்தினாள். "கமிட்டி ஐயாமாரு உள்ள மாட்டிக்கிட்டாங்க."

பிறகு அதே குரல்: "வெளிய வர பெர்மிஷன் எடுத்தாங்களாமா?"

தெருவே சிரித்தது. கடைசியில் பஸ் கண்டக்டர் டயர் கழற்றும் கம்பியைக் கொண்டுவந்து நெம்பினார். "மெதுவா, மெதுவா, அது தேக்கு" என்று உள்ளிருந்து கெஞ்சினார் ஐயா.

வெளியே வந்ததும், "ஷட்டர் ஏலாது" என்றார்.

"இவ்வளவு நடந்த பிறகுமாங்க?" என்றேன்.

"ஏலாது எண்டால் ஏலாது." வாளியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். வாளியைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று தோன்றியது.

மறுநாள் விடியும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. நேரே தலைவரிடமே போய் முறையிடு என்று பாக்கியத்திடம் சொல்லலாமென்று, முகம்கூடக் கழுவாமல் குடையோடு கிளம்பினேன். கடை விரியத் திறந்து கிடந்தது. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஐயா உட்கார்ந்திருந்தார். மடியில் பலகை, கையில் சீவுளி, வழுக்கையில் மரச்சுருள்.

"இருட்டோட வந்து தட்டுனாருங்க" என்றாள் பாக்கியம். "தொறக்க முடியலன்னேன். கண்டக்டரு கம்பி அவரு கையிலயே இருந்துச்சு."

"உள்விளிம்பு தம்பி" என்றார் அவர், நிமிராமலே. "தெருவில நிண்டு பாத்தால் தெரியாது. குழுவுக்கு இதில வேலையில்லை."

விளிம்பில் மெழுகுதிரியைத் தேய்த்துப் பலகையைக் காடியில் விட்டார். பாக்கியம் ஒரு விரலால் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு போனது. ஆசிரியர்கள் குடைகளை மடக்கி உள்ளே வந்தார்கள்.

"காய்ஞ்ச கதவும் பொய் சொல்லும்" என்று எழுந்து வாளியை என்னிடம் நீட்டினார்.

அலுவலகக் கையெழுத்துக்கு முன், முகம் கழுவுவதற்கும் முன், அன்று நான் செய்த முதல் வேலை, குழாயடிக்குப் போய் அந்த வாளியை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு வந்ததுதான்.